அப்பா சாப்பிடுகிறார், சத்தம் போடாதீர்கள்

போன மாதம் எங்கள் பழைய கிளினிக்கிலிருந்து ஒரு சின்ன மிஸ்ஸி என் வீட்டுக்கு வந்தாள். மலாக்காவில் நர்ஸுகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் காஜா பெராங் சந்தையில் கீரை விற்கிறவளுக்குக்கூட நான் மிஸ்ஸிதான். ராஜம் என்ற பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடக்கிறது. வந்தவள் கையில் ஒரு கேசட். பரீட்சைப் பயத்தில் நடுங்குகிற பிள்ளைகளுக்கும், எதிலும் மனம் ஒட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் இப்போது போட்டுவிடுகிறார்களாம். போட்டுக் காட்டினாள். அலைச் சத்தம். நடுவில் ஒரு வெள்ளைக்காரி பாதித் தூக்கத்தில் ஏதோ சொல்கிறாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் காலத்தில் தெங்கேராவில் பின்கதவைத் திறந்தால் கடல். அதை மண்ணைக் கொட்டித் தள்ளிவிட்டு, இப்போது அலைச் சத்தத்தைக் கடையில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். "உங்க காலத்துல இந்த மாதிரி பயிற்சியெல்லாம் இருந்துச்சா மிஸ்ஸி?" என்று அவள் கேட்டாள். இருந்ததாவது! எங்களுக்குக் கேசட் இல்லை, டாக்டர் கனகசபை இருந்தார். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்கு நான் போட்டுக்கொடுத்த காப்பி ஆறிப்போகிற அளவுக்குச் சொன்னேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கவும், மேட்ரன் வரும்போது மூச்சை அடக்கவும் கற்றுக்கொண்டேன். நான் செங் என்கிற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஒரு நிரையில் நின்று கூப்பிட்டால் நாலு நிரை தள்ளி நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படிப்பட்ட குரல். அந்தக் குரலோடு, நாட்டுக்கு மெர்டேகா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருடம், பள்ளிப் பிள்ளைகளுக்காகத் திறந்த ஒரு சின்னக் கிளினிக்கில் என்னைக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

டாக்டர் கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனுக்குப் போய், பதற்றத்தில் இருக்கும் இளம்பிள்ளைகளின் உடம்பைத் தளர்த்தி மனத்தைத் தளர்த்துவது எப்படி என்று படித்துவிட்டு வந்திருந்தார். வாஸ்தவத்தில் அன்றைக்கு மலாக்கா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அவரைவிடப் பதற்றமான மனிதர் கிடைத்திருக்க மாட்டார். உச்சி வெயிலிலும் கழுத்துப் பொத்தானைப் போட்டு டை கட்டியிருப்பார். பல்லை நறநறவென்று கடிப்பார். யோசித்தால் பென்சிலை ஒடிப்பார். அவர் நடந்து வந்தால் சப்பாத்துச் சத்தத்திலேயே நோயாளிகள் எழுந்து நிற்பார்கள். ஆனால் நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை மதியம் வகுப்பு. கூடத்து நாற்காலிகளை ஓரம் கட்டி, பாய் விரித்து, பிள்ளைகளை மல்லாக்கப் படுக்க வைப்போம். வலது கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூச்சை இழுத்துக்கொண்டே முஷ்டியை இறுக்கி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, சட்டென்று விட வேண்டும். மெதுவாக விடக் கூடாது. கயிறு அறுந்த மாதிரி கை பாயில் விழ வேண்டும். விழுந்த பிறகு, இறுக்கியபோது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று படுத்தபடியே கவனிக்க வேண்டும். மருந்தே இந்தக் கவனிப்புதான் என்பார் டாக்டர். பிறகு மற்றக் கை. தோள்களைக் காதுவரைக்கும் தூக்கி விடுவது. நெற்றியைச் சுருக்கி விடுவது. தாடையைக் கடித்து விடுவது. வயிறு, தொடை, கடைசியில் கால்விரல்களை உள்ளே மடக்கி விடுவது. சொல்கிறவரின் குரல் 'இறுக்கு' என்னும்போது ஏறி, 'விடு' என்னும்போது இறங்க வேண்டும்.

என் குரல் இறங்கவில்லை. நான் 'விடு' என்று சொன்னால் பிள்ளைகள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மீன் விற்கிற குரலில் சொல்லக் கூடாது, தூங்குகிற குழந்தையின் வாயிலிருந்து சூப்பியை எடுக்கிற மாதிரி சொல்ல வேண்டும் என்றார். பிறகு தானே சொல்லிக் காட்டினார். பக்கத்து அறையில் மருந்து கலக்குகிறவர் போத்தலைக் கீழே போட்டார்.

முதல் வகுப்பு மறக்காது. கை போயிற்று, தோள் போயிற்று, வயிறு வந்தது. "இறுக்கு… இப்ப விடு" என்றார் டாக்டர். வரிசையின் கடைசியில் படுத்திருந்த காதர் விட்டான். தெங்கேரா மளிகைக் கடைக்காரர் மகன், பரீட்சை நாளென்றால் காலையில் வாந்தி எடுக்கிற பையன். அவன் விட்ட சத்தத்தில் கூடமே குலுங்கிச் சிரித்தது. காதர் முகம் செம்பருத்தியாகிவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதுதான் வெற்றி. நான் சொன்னதை இங்கை ஒழுங்காய்ச் செய்தவன் அவன் ஒருத்தன்தான்" என்றார். அன்றிலிருந்து எங்கள் கிளினிக்கில் அந்தச் சத்தத்துக்கு 'வெற்றி' என்றே பெயராகிவிட்டது. காதர் அடுத்த வாரம் முன்வரிசையில் படுத்தான்.

அவனுடைய வாப்பா ஒருநாள் என்னிடம் சண்டைக்கு வந்தார். "படிக்க வைங்கன்னு அனுப்புனா நீங்க பாய் விரிச்சுப் படுக்க வைக்கிறீங்களாமே மிஸ்ஸி? தூங்குறதுல எம்புள்ள ஏற்கெனவே பாஸ் பண்ணவன்" என்றார். அடுத்த பரீட்சைக்குக் காதர் வாந்தி எடுக்காமல் போய்வந்த பிறகு, அதே மனிதர் கடைப்பையன் கையில் ஒரு மூட்டை வெங்காயம் கொடுத்தனுப்பினார்.

இப்படிச் சின்னச் சின்ன வெற்றிகளோடு போய்க்கொண்டிருந்தபோதுதான் தேவகி வந்தாள்.

காஜா பெராங்கில் கம்போங் செட்டி என்று ஒரு குடியிருப்பு. செட்டிகள் பல தலைமுறைக்கு முன்னால் வந்து இந்த ஊரோடு கலந்துபோனவர்கள். கும்பிடுவது மாரியம்மனை, உடுத்துவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். அவர்கள் என்னோடு பேசியதும் மலாயில்தான், நான் அதைத் தமிழில் எழுதுகிறேன். தேவகிக்குப் பதினேழு வயது. ஆசிரியர் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு, தைப்பூசம் கழிந்ததும் நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவளை விண்ணப்பிக்க வைத்தது அப்பா. அந்த அப்பா மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் பேசுவது குறைந்தது, சாப்பிடுவது குறைந்தது. வெளியே கிளம்பச் சொன்னால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான்.

அவளைக் கூட்டி வந்த அம்மாவை எல்லாரும் பிபிக் தங்கம் என்பார்கள். பிபிக் என்றால் அந்தக் குடியிருப்பில் அத்தை, பெரியம்மா மாதிரி ஒரு மரியாதை. பலகாரம் செய்து விற்கிறவர், அதிகம் பேச மாட்டார். டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். தேவகியின் பெரியப்பா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருக்கிறார், பெண் நேர்முகத் தேர்வுக்குப் போகவில்லையென்றால் கல்யாணம். மாப்பிள்ளைக்கு எத்தனை வயது என்று நான் கேட்டேன். பிபிக் தன் காதோரத்து நரையைத் தொட்டுக் காட்டினார். அதுவே போதும்.

வகுப்பில் தேவகி பலகை மாதிரி கிடந்தாள். இறுக்கு என்றால் இறுகினாள், விடு என்றால் விடத் தெரியவில்லை. டாக்டர் குனிந்து, "பிள்ளை, பதறாதே! ஏன் பதறுறாய்?" என்று கத்தினார். அவள் இன்னும் இறுகினாள். இரண்டு மூன்று சனிக்கிழமை இப்படிப் போனதும் டாக்டர் ஒரு பென்சிலை ஒடித்துவிட்டு, இவளுக்கு வகுப்பு ஒத்துவராது, வீட்டில் சத்தமில்லாத ஒரு நேரம் பார்த்துத் தினமும் செய்யட்டும், நீ போய்ப் பழக்கிவிடு என்று என்னிடம் சொன்னார்.

சத்தமில்லாத நேரமாம்! அவர் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. அண்ணன் தம்பிக் குடும்பங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். பிபிக் உரலில் மிளகாய்ச் சம்பல் இடிப்பார். சித்தி ரேடியோ வைப்பார். பிள்ளைகள் கோழியைத் துரத்துவார்கள், கோழி பிள்ளைகளைத் துரத்தும். எல்லாவற்றுக்கும் மேலே பெரியப்பா வயலின் வாசிப்பார். கல்யாண வீடுகளில் பாட்டுக் கச்சேரிக்கு வாசிக்கிறவர். நாள் முழுக்க ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகுவார். நான் தேவகியின் பக்கத்தில் உட்கார்ந்து, பாடுபட்டுப் பழகிய குரலில் "விடு" என்பேன். வயலின் "கீய்ங்" என்னும். எனக்கே தோள் காதுக்கு ஏறிவிடும். கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கேட்டால், வயலின் கேட்டு யாருக்கும் உடம்புக்கு முடியாமல் போனதில்லை என்பார் பெரியப்பா. சொல்லிவிட்டு இன்னும் பலமாக வாசிப்பார்.

பொங்கலும் நெருங்கிவிட்டது. அவளிடம் ஒரு மாற்றமும் இல்லை.

போகி அன்று சாயங்காலம் வழக்கம்போல் போனேன். வாசலில் நின்றபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது. சத்தமே இல்லை. மொத்தக் குடும்பமும் முற்றத்தில் நிற்கிறது. கூடத்துக் கதவு சாத்தியிருக்கிறது. பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பிள்ளைகள்கூட வாயைத் திறக்கவில்லை. யாருக்கு என்ன ஆனதோ என்று சித்தியிடம் ஓடினேன். சித்திதான் காதோடு சொன்னார். அன்று பார்ச்சு. போகிக்குச் செட்டிகள் செத்துப்போன பெரியவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். படைத்த பிறகு, அவர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுவது அந்த வீட்டு வழக்கம். பெரியவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் உயிரோடு இருப்பவர்களுக்குச் சோறு.

தேவகி எங்கே என்று கேட்டேன். உங்களோடுதானே இருந்தாள் என்று சித்தி பிபிக்கைப் பார்த்தார். உன்னோடு இருக்கிறாள் என்றல்லவா நினைத்தேன் என்று பிபிக் சித்தியைப் பார்த்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

இன்னொரு அப்பளம் நொறுங்கியது. பெரியப்பா ஆயுள் முழுக்கப் போகிக்குப் போகி, தாத்தா வாங்க, பாட்டி வாங்க என்று உருகி உருகிக் கூப்பிட்டவர். உண்மையாகவே யாரோ வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் முதலில் கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றவர் அவர்தான். பிபிக் மட்டும் போய்க் கதவைத் திறந்தார். நான் பின்னாலேயே போனேன்.

வரிசையாக இலைகள். அப்பாவின் படத்துக்கு முன்னால் போட்ட இலையில் தேவகி சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் கலைந்து, கன்னத்தில் பாயின் வரிவரியான தடம். பொரித்த வாளை மீனில் பாதியைக் காணோம்.

"சத்தமே இல்லம்மா," என்றாள். "எல்லாரும் எங்கயோ போயிட்டீங்க. சும்மா படுத்தேன். கை, காலு, வயிறு எல்லாம் தானா விட்டுச்சு. தூங்கிட்டேன். முழிச்சா, பசி."

பசி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு அந்த வீட்டில் எத்தனை நாளாகியிருந்தது! ஆனால் பெரியப்பாவுக்கு அது காதில் விழவில்லை. ஆவி இல்லை, தேவகிதான் என்று தெரிந்ததும் வீரம் திரும்பி உள்ளே வந்துவிட்டார். செத்தவர்கள் இலையில் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது, இந்தப் பெண்ணுக்குப் பிடித்திருப்பது நோயல்ல, வேறு ஏதோ என்று ஆரம்பித்தார்.

பிபிக் தங்கம் இலையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "அவரு இலை. அவரு மகளுக்குக் குடுத்தாரு. உயிரோட இருந்தப்பவும் முள்ளெடுத்துப் பாதி மீன அவளுக்குத்தான குடுப்பாரு? இதுல நீ யாரு கேக்க?" என்றார்.

சொல்லிவிட்டு இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். எங்கள் எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். அன்றைக்கு உயிரோடு இருந்தவர்கள் சாப்பிட வெகுநேரம் ஆயிற்று. எனக்கும் வயிற்றைக் கிள்ளியது.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். லண்டனில் படிப்பிக்கும்போது சத்தமில்லாத அறை வேண்டும் என்றார்கள், ஒரு வீட்டில் அந்த அறையை எப்படி உண்டாக்குவதென்று ஒருவரும் சொல்லித்தரவில்லை என்றார். கடைசியில், "அந்த மனுசர் கிழமைக்கு ஒருக்கா வந்து சாப்பிட ஏலுமோ எண்டு கேட்டுப் பார், பிள்ளை" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் கேட்டேன். பிபிக் யோசிக்கவே இல்லை. எதற்கு வாரம் ஒரு தடவை, அவர் வீடு, தினம் வரட்டும் என்றார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அந்த வீட்டில் ஒரு வாழையிலைத் துண்டு, அதில் கொஞ்சம் சோறு, பொரித்த மீன். "அப்பா சாப்பிடுறாரு, சத்தம் போடாதீங்க" என்று பிபிக் சொல்வார். குடும்பமே முற்றத்துக்கு வந்துவிடும். ரேடியோ அணையும். உரல் நிற்கும். பெரியப்பாவுக்கு ஆத்திரம்தான், ஆனால் செத்துப்போன தம்பி உள்ளே சாப்பிடும்போது வயலின் வாசிக்கிற துணிச்சல் அவருக்கு இல்லை. நான் கெஞ்சியும் டாக்டர் எழுதிக்கொடுத்தும் அடங்காத அந்தக் கருவி ஒரு துண்டு மீனுக்கு அடங்கியது. உள்ளே தேவகி தனியாகப் படுத்து, வலது கையிலிருந்து கால்விரல்வரைக்கும் வரிசையாக இறுக்கி விடுவாள். பிறகு எழுந்து சாப்பிடுவாள். என் குரல் தேவைப்படவில்லை. அத்தனை பாடுபட்டுப் பழகிய குரலாயிற்றே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. போகட்டும்! பெண் தலை சீவ ஆரம்பித்தாள். ஒருநாள் கோழியைத் திட்டினாள். அதைக் கேட்டு பிபிக் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

தைப்பூசம் கழிந்தது. நேர்முகத் தேர்வு நாளும் வந்தது.

டாக்டர் தன் காரிலேயே கூட்டிப்போகிறேன் என்று வந்துவிட்டார். நானும் கூட. போய்ப் பார்த்தால், இஸ்திரி போட்ட கெபாயாவோடு தேவகி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு முஷ்டியும் முழங்காலில். கண் ஒரே இடத்தில் நிற்கிறது. மறுபடியும் பலகை. போக மாட்டேன் என்கிறாள். சித்தி ஒரு பக்கம் கெஞ்சுகிறார். நான் சொன்னேனே என்று பெரியப்பா ஒரு பக்கம். "பதறாதே பிள்ளை! நேரம் போகுது, பதறாதே!" என்று எல்லாருக்கும் மேலே டாக்டர் கத்துகிறார். போச்சு, எல்லாம் போச்சு, இந்தப் பெண்ணை அந்தக் கிழவனுக்குக் கட்டிக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுப்படியில் எண்ணெய் சீறுகிற சத்தம் கேட்டது. பிபிக் தங்கம் பொரித்த மீனும் இலையுமாக வந்தார். கூடத்தில் இலையைப் போட்டார்.

"எல்லாரும் வெளிய போங்க. அவரு வர்ற நேரம்," என்றார்.

"காலையிலயா?" என்றார் பெரியப்பா.

"இன்னைக்கு மகளுக்கு இண்டர்வியூ. சீக்கிரம் வருவாரு." பிறகு டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களும்தான் டாக்டர்."

லண்டனில் படித்த டாக்டர் டையோடு வந்து கோழிகளுக்கு நடுவில் நின்றார். பிபிக் வெளியே வந்து கதவைச் சாத்தினார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பல்லைக் கடித்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். கத்தவும் முடியாது, உள்ளே ஒருவர் சாப்பிடுகிறார். வேறு வழி தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு வலது முஷ்டியை இறுக்கினார். விட்டார். தோளைக் காதுவரைக்கும் தூக்கினார். விட்டார். பிள்ளைகள் அவரைப் பார்த்துத் தாங்களும் செய்தார்கள். சித்தி செய்தார். நான் செய்தேன். கடைசியில் பெரியப்பாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தோளைத் தூக்கினார். வயிற்றை இறுக்கி விட்டோம்.

பெரியப்பா பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. வயலின் இல்லை.

"வெற்றி," என்றார் டாக்டர், கண்ணைத் திறக்காமலே.

சிரிக்கக் கூடாது, உள்ளே அப்பா சாப்பிடுகிறார். சித்தி கெபாயா முனையை வாயில் திணித்துக்கொண்டார். பிள்ளைகள் கீழே உட்கார்ந்துவிட்டார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர்விட்டேன். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. அப்புறம் பெரிய சிரிப்பு. அந்த வீட்டுப் பெண் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்டர் கண்ணைத் திறந்தார். அவருடைய தாடை இறங்கி வாய் கொஞ்சம் திறந்திருந்ததையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. தேவகி சப்பாத்தை மாட்டிக்கொண்டு படியில் நின்றாள். உதட்டோரத்தில் சம்பல்.

"அப்பாவுக்கு வயிறு நெறஞ்சிருச்சு. போகலாம்," என்றாள்.

டாக்டர் ஓடிப்போய்க் காரைக் கிளப்பினார். தேவகிக்கு இடம் கிடைத்தது. பிற்காலத்தில் எத்தனையோ பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன்னால் நாற்காலியிலேயே உட்கார வைத்து, சப்பாத்துக்குள் கால்விரலை மடக்கி விடச் சொன்ன டீச்சர் அவள்.

அன்று நான் காரில் ஏறவில்லை. பிபிக்கோடு உள்ளே போனேன். இலையை எடுக்கக் குனிந்தவர் எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். புருஷன் செத்த அன்றைக்குக்கூட அழவில்லை என்று ஊரார் பேசிய பெண், வாய்விட்டு அழுதார். நான் எட்டிப் பார்த்தேன். மீனில் பாதியை மகள் தின்றிருந்தாள். மற்றப் பாதி, முள்ளெல்லாம் எடுத்து, அப்பாவின் படத்துப் பக்கமாகத் தள்ளி வைத்திருந்தது.